ஸ்படிகத்தில் முதல் பட்டை: வீட்டிலேயே கல் தீட்டக் கற்றுக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

நகைக்கடையில் வாங்கிய நிறக்கல் ஏதாவது வீட்டில் இருந்தால், அதைச் செய்தித்தாள் மேல் மல்லாத்தி வைத்துப் பாருங்கள். கல்லின் நடுவில் எழுத்துகள் தெரிகின்றனவா? அப்படியென்றால் மேலிருந்து உள்ளே போகும் ஒளி திரும்பி வராமல் கீழே கசிந்து போகிறது. தொழிலில் இதை ‘விண்டோ’ என்பார்கள். விலை உயர்ந்த நீலக்கல்லில்கூட இது சாதாரணமாகக் காணக்கிடைக்கிறது. தீட்டியவருக்குக் கை வராததால் நடப்பதல்ல இது. கல்லை காரட் கணக்கில் விற்கிறார்கள், ஒரு காரட் 0.2 கிராம்தான். கோணம் சரியாக வரட்டும் என்று தேய்த்துத் தள்ளும் ஒவ்வொரு துளியும் பணம். இலங்கையில் வில்லை இழுத்துச் செங்குத்துச் சக்கரத்தைச் சுழற்றித் தீட்டிய பழைய கைவினைஞர்களுக்கும் எடையைக் காப்பாற்றுவதுதான் முதல் பாடம்.

பொழுதுபோக்காகத் தீட்டுகிறவருக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. எடை போனால் போகட்டும் என்று விட முடிகிற ஒரே ஆள் அவர்தான். இந்த வழிகாட்டி முழுக்க அந்தச் சுதந்திரத்தை நம்பித்தான் எழுதப்படுகிறது. எங்கெல்லாம் எடையா ஒளியா என்ற கேள்வி வருகிறதோ, அங்கெல்லாம் ஒளியின் பக்கம் நில்லுங்கள்.

ஒரே ஒரு கல்லை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம்: 10 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டக் கல், ஸ்படிகம், 57 பட்டைகள்.

இயந்திரம்

அடிப்படை அமைப்பு எளிமையானது. கிடைமட்டமாகச் சுழலும் ஒரு சாணைத் தட்டு. அதன் பக்கத்தில் ஏற்றி இறக்கக்கூடிய ஒரு தூண். தூணிலிருந்து நீளும் கை. கையின் நுனியில் பித்தளைக் குச்சி, குச்சியின் முனையில் ஒட்டிய கல். கை எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதைக் கோணமானி காட்டும். கல்லை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதைப் பல் சக்கரம் தீர்மானிக்கும். இதை இண்டெக்ஸ் சக்கரம் என்பார்கள். 96 பற்கள் உள்ளதுதான் அதிகம் புழங்குகிறது. ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு கோணம், ஒரு பல் எண். இந்த இரண்டும் தெரிந்தால் உலகத்தில் எங்கே வரைந்த வடிவத்தையும் நீங்கள் தீட்டலாம்.

அல்ட்ரா டெக், ஃபாசெட்ரான் போன்ற அமெரிக்க இயந்திரங்கள் துல்லியமானவை, புதிதாக வாங்கினால் லட்சங்களில் போகும். கையில் பிடித்து வைத்துத் தீட்டும் சீன, தாய்லாந்து வகைகள் அதைவிட மிகவும் மலிவு. ஜெய்ப்பூரிலும் இலங்கையிலும் துளைகள் போட்ட பலகையில் குச்சியின் பின்முனையைச் செருகிக் கோணம் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். அது வேகமான முறைதான், ஆனால் கை பழக ஆண்டுகள் பிடிக்கும். என்னைக் கேட்டால், தூண் வகையில் பழைய இயந்திரம் ஒன்று கிடைத்தால் அதை வாங்குங்கள். வாங்குமுன் இரண்டு சோதனைகள் செய்து பாருங்கள். தட்டைச் சுழலவிட்டு அதன் மேல் பார்வையை ஓட்டுங்கள், மேலும் கீழும் ஆடக் கூடாது. கையைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள், லொடலொடவென்று இருந்தால் வேண்டாம்.

திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் செயற்கை வைரக் கற்களுக்குத் தலைமுறைகளாகப் பட்டை தீட்டியவர்கள் இருக்கிறார்கள். இயந்திரத்தில் தீட்டிய சீனக் கற்கள் வந்த பிறகு அந்தத் தொழில் வெகுவாகச் சுருங்கிவிட்டது. அப்படி ஒருவர் உங்களுக்குப் பழக்கமென்றால் ஒருநாள் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். கல் தட்டைத் தொடும்போது எழும் சத்தம் எப்படி மாறுகிறது என்பதை எந்த எழுத்தும் சொல்லிக்கொடுக்காது.

தட்டுகளும் பொடியும்

வைரப் பொடி பதித்த தட்டுகள் மூன்று வேண்டும் (எண் கூடக்கூடப் பொடி நுண்மையாகும்): உருவம் கொண்டுவர 600, நேர்த்திக்கு 1200, மெருகுக்கு முன் 3000. பெரிய கட்டியாக இருந்தால் 260 தட்டு நேரத்தை மிச்சப்படுத்தும். மெருகேற்ற அக்ரிலிக் தட்டும் சீரியம் ஆக்சைடு பொடியும் போதும், ஸ்படிகத்துக்கு அதுதான் பழகிய ஜோடி. பிற்பாடு கார்னெட், அக்வாமரின் என்று போனால் அலுமினா, நீலக்கல், மாணிக்கம் என்றால் மிக நுண்ணிய வைரப் பொடி.

ஒவ்வொரு தட்டையும் தனித்தனி உறையில் போட்டு வையுங்கள். மெருகுத் தட்டில் 600இன் ஒரே ஒரு துகள் ஏறிவிட்டாலும் அன்றைக்கு முழுக்கக் கீறல்தான். தட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் கல், குச்சி, கை, இயந்திரத்தின் தொட்டி எல்லாவற்றையும் கழுவிவிடுங்கள்.

தூசி

இதைக் கடைசியில் ஒரு வரியாகப் போட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. ஸ்படிகம் என்பது சிலிக்கா. அதன் உலர்ந்த தூசி நுரையீரலுக்குப் போனால் சிலிகோசிஸ் வரும், வந்தால் போகாது. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் என்ற சிலிக்காக் கற்களை உலர்வாகத் தேய்த்த தொழிலாளர்கள் ஏராளமானோர் இந்த நோய்க்கு ஆளானது பதிவான வரலாறு. ஆகவே தட்டில் எப்போதும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சிதறிய சேறு காய்ந்துவிட்டால் அதுவும் தூசிதான், துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கழிவுநீரை நேராகத் தொட்டிக் குழாயில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் படிந்து இறுகிவிடும். வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்கிய சேற்றைத் தனியாக அள்ளிப் போடுங்கள்.

கச்சாக் கல் தேர்வு

முதல் கல்லுக்கு ஸ்படிகம்தான். ‘இவ்வளவு மெனக்கெட்டு வெறும் ஸ்படிகமா’ என்று தோன்றும். ஆனால் விலை குறைவு, கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் 7, எளிதில் பிளக்காது, தப்பினால் இன்னொன்று வாங்கலாம். புகை நிறமோ அமெதிஸ்ட்டோ கிடைத்தால் இன்னும் நல்லது, நிறமுள்ள கல்லில் பட்டைகளைப் பார்ப்பது கண்ணுக்குச் சுலபம். கரூர், காங்கேயம் வட்டாரம் ஸ்படிகம், அக்வாமரின், மூன்ஸ்டோன் போன்றவற்றுக்குப் பெயர் பெற்றது. பக்கத்தில் இருப்பவர்கள் விசாரித்துப் பார்க்கலாம். புஷ்பராகம் என்ற பெயரில் விற்கும் டோபாஸ் பக்கம் இப்போது போக வேண்டாம். அது ஒரு திசையில் சீராகப் பிளக்கும். அந்தத் திசைக்கு இணையாக ஒரு பட்டை அமைந்துவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் மெருகு ஏறாது, கல்லைச் சில டிகிரி சாய்த்து ஒட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

வாங்குமுன் கல்லைத் தண்ணீரில் போட்டு விளக்குக்கு எதிரே பிடியுங்கள். மேற்பரப்பின் சொரசொரப்பு மறைந்து உள்ளே இருக்கும் விரிசல்கள் தெரியும். லிக்விட் பாரஃபின் எண்ணெய் இன்னும் தெளிவாகக் காட்டும். விரிசல் உள்ள கல்லில் அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் அளவு தேறுமா என்று பாருங்கள், தேறாவிட்டால் விட்டுவிடுங்கள். அமெதிஸ்ட்டில் நிறம் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். அடர்ந்த திட்டு கல்லின் கீழ்முனைக்கு வரும்படி வைத்தால், மேலிருந்து பார்க்கையில் கல் முழுக்க நிறம் பரவியதுபோல் தெரியும்.

அளவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நம் 10 மில்லிமீட்டர் கல்லின் மொத்த உயரம் 7 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். அதற்கு 12 மில்லிமீட்டர் அகலமும் 9 மில்லிமீட்டர் உயரமும் உள்ள கட்டி வேண்டும். அது சதுரக் கட்டியாக இருந்தால் சுமார் 17 காரட். முடிந்த கல் மூன்றேகால் காரட் இருக்கும். ஐந்தில் நான்கு பங்கு சேறாகப் போகிறது, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

கோணம் ஏன் 43

கல்லின் மேல்பாதி கிரவுன், கீழ்ப்பாதி பெவிலியன், இரண்டுக்கும் நடுவில் ஓடும் விளிம்பு கர்டில், உச்சியில் இருக்கும் பெரிய தட்டை முகம் டேபிள். நம் கல்லின் பெவிலியன் முதன்மைப் பட்டைகளை 43 டிகிரியில் தீட்டப்போகிறோம், ஏன் என்று பார்ப்போம். டேபிள் வழியாக நேர் கீழே இறங்கும் ஒளி பெவிலியன் பட்டையில் மோதுகிறது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு எல்லைக் கோணம் உண்டு. அதைவிடச் செங்குத்தாகப் பட்டை நின்றால் ஒளி முழுவதும் உள்ளேயே பிரதிபலிக்கும், அதைவிடத் தட்டையாக இருந்தால் வெளியே கசியும். ஸ்படிகத்தின் ஒளிவிலகல் எண் 1.544, அதன் எல்லைக் கோணம் சுமார் 40.4 டிகிரி.

அதற்காக 60 டிகிரி வைத்துவிடலாமா என்றால் அதுவும் கூடாது. முதல் பட்டையில் பிரதிபலித்த ஒளி எதிர்ப்பக்கப் பட்டையிலும் மோதித்தான் மேலே திரும்புகிறது. பட்டையின் கோணம் கூடக்கூட, இந்த இரண்டாவது மோதலின் கோணம் மூன்று மடங்கு வேகத்தில் குறைகிறது. கணக்குப் போட்டால், 180இலிருந்து பட்டைக் கோணத்தின் மூன்று மடங்கைக் கழித்து வருவது இரண்டாவது மோதலின் கோணம். 43 டிகிரியில் அது 51, ஒளி தப்பாது. 46.5ஐத் தாண்டினால் 40.4க்குக் கீழே போய் அங்கே கசியும். அதாவது ஸ்படிகத்தில் நமக்குக் கிடைக்கும் இடைவெளி 40.4க்கும் 46.5க்கும் நடுவில் உள்ள ஆறு டிகிரிதான். 43 அதன் நடுப்பக்கத்தில் இருக்கிறது, அதனால்தான் அந்த எண். அகலத்தையும் எடையையும் காப்பாற்ற வியாபாரத்தில் இதை 38, 36 என்று சரிய விடும்போதுதான் கல்லுக்கு நடுவே செய்தித்தாள் தெரிகிறது.

ஒட்டுதல்

கட்டியின் எந்தப் பக்கம் டேபிள் ஆகப்போகிறதோ அதை 600 தட்டில் கையால் பிடித்துத் தட்டையாக்குங்கள். ஸ்பிரிட்டால் துடைத்து, தட்டை முனையுள்ள குச்சியில் நடு மையம் பார்த்துச் சூப்பர்குளூவால் ஒட்டுங்கள். கைவிரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு போதும் கல்லைப் பாதியில் கழற்றிவிட, ஆகவே துடைத்தபின் ஒட்டும் முகத்தைத் தொடாதீர்கள். அரக்கு வைத்து ஒட்டுவது பழைய வழி. அதற்குக் கல்லைச் சூடாக்க வேண்டும், பழகியவர்களுக்கு அது சரி.

பெவிலியன்

கோணத்தை 45இல் வைத்து, இந்தப் பதினாறு எண்களில் வரிசையாகத் தேயுங்கள்: 3, 9, 15, 21, 27, 33, 39, 45, 51, 57, 63, 69, 75, 81, 87, 93. பதினாறும் கீழே ஒரே புள்ளியில் கூட வேண்டும். முதலில் எதிரெதிர் நான்கைத் தேய்த்து மையத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை நிரப்பினால் சுலபம். கல்லைத் தட்டில் அழுத்தாதீர்கள், கையின் எடையே போதும். தொடு, தூக்கு, துடை, லென்ஸில் பார், மறுபடி தொடு. சலிப்பாகத்தான் இருக்கும். பட்டை தாண்டிப் போய்விட்டால் மற்ற பதினைந்தையும் அதன் மட்டத்துக்கு இறக்க வேண்டும் என்று நினைத்தால் பொறுமை தானாக வரும்.

அப்புறம் கோணத்தை 90க்கு உயர்த்தி, அதே பதினாறு எண்களில் கர்டிலைத் தேயுங்கள். கல் வட்டமாகும். காலிப்பர் வைத்து எதிரெதிர் பக்கங்களை அளந்து 10 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். இப்போது கர்டிலும் பெவிலியனும் சேரும் கோடு கல்லைச் சுற்றி ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். ஏறி இறங்கினால் இங்கேயே சரிசெய்யுங்கள், இதைத் தள்ளிப்போட்டால் கடைசிவரை துரத்தும்.

அடுத்து 43 டிகிரி, எட்டு முதன்மைப் பட்டைகள்: 96, 12, 24, 36, 48, 60, 72, 84. இவை கீழ்முனையில் பிறந்து மேல்நோக்கி வளரும். பட்டையின் நுனி, கர்டிலில் பக்கத்துப் பக்கத்து முகங்கள் இரண்டு சேரும் மூலையைத் தொடும் அந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும். இப்படி முனைகள் சந்திப்பதை வைத்து அளவு பிடிப்பதால் தனியாக ஆழம் அளக்கும் வேலை இல்லை. 600இல் நுனி மூலைக்குச் சற்று முன்பே நிறுத்திவிடுங்கள். 1200இல் இன்னும் நெருங்குங்கள். 3000இல் தொடுங்கள். மெருகும் கொஞ்சம் கல்லைத் தின்னும்.

மெருகு

புதியவர்கள் நொந்துபோகும் இடம் இது. சீரியத்தைத் தண்ணீரில் குழைத்து அக்ரிலிக் தட்டில் மெல்லிசாகத் தடவுங்கள். தட்டு மெதுவாகச் சுழல வேண்டும். ஈரம் இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் ஓடக் கூடாது. காய்ந்து போகும் தருவாயில் பட்டை தட்டை லேசாக இழுப்பது கையில் தெரியும், மெருகு ஏறுவது அப்போதுதான்.

3000இல் நீங்கள் விட்டுப்போன கோணமும் மெருகுத் தட்டில் கிடைக்கும் கோணமும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருப்பது அபூர்வம். தட்டுகளின் தடிமன் வேறு, அதனால் தூணின் உயரத்தைத் திருத்தி வைத்தாலும் மயிரிழை மாறும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. மார்க்கர் பேனாவால் பட்டை முழுக்க மை பூசி, மெருகுத் தட்டில் ஒரே ஒரு முறை தொட்டுவிட்டுப் பாருங்கள். மை கர்டில் பக்கம் அழிந்திருந்தால் கோணம் கூடியிருக்கிறது, ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள். கீழ்முனைப் பக்கம் அழிந்திருந்தால் கூட்டுங்கள். இடப்பக்கமோ வலப்பக்கமோ மட்டும் அழிந்திருந்தால் கோணத்தைத் தொடாதீர்கள், இண்டெக்ஸை நூலளவு திருப்பும் திருகு இயந்திரத்தில் இருக்கும், அதைத் திருப்புங்கள். மை ஒரே சீராக அழியும்போது அமைப்பு சரி.

பட்டையைப் பத்து மடங்கு லென்ஸில், விளக்கின் பிம்பம் பட்டையில் விழும்படி சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் கீறல் தெரியாது. ஒரே திசையில் நீளமான கீறல்கள் என்றால் அவை 3000 விட்டுப்போனவை, திரும்பிப் போய் அதைச் சரியாக முடித்துவிட்டு வாருங்கள். மெருகேற்றும்போதே புதிதாக முளைக்கும் கீறல்கள் என்றால் தட்டில் அழுக்கோ சீரியக் கட்டியோ இருக்கிறது, கழுவிவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். ஒருநாளும் ‘இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போய்விடும்’ என்று நினைக்காதீர்கள்.

கல்லைத் திருப்புதல்

பெவிலியன் முடிந்ததும் கல்லை மறுகுச்சிக்கு மாற்ற வேண்டும். இதற்கென்று இரு குச்சிகளையும் நேர்கோட்டில் பிடிக்கும் தாங்கி ஒன்று உண்டு, இயந்திரத்தோடு வரும். கூம்புக் குழியுள்ள குச்சியில் எபாக்ஸி பசையைக் குழைத்து வைத்து, பெவிலியனை அதில் இறக்குங்கள். சூப்பர்குளூ இங்கே வேண்டாம், இடைவெளியை அது நிரப்பாது. ஐந்து நிமிட எபாக்ஸி என்று எழுதியிருந்தாலும் ஒரு இரவு விடுங்கள். மறுநாள் இரண்டாவது குச்சியை ஈரத்துணியால் சுற்றிவிட்டு, பழைய குச்சியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் சூடாக்கினால் சூப்பர்குளூ விட்டுவிடும். பிளேடு வைத்துத் தட்டியும் எடுக்கலாம். டேபிள் பக்கம் கொஞ்சம் சில்லு போனாலும் பாதகமில்லை, எப்படியும் தேய்க்கப்போகிறோம்.

மாற்றிய பின் 90 டிகிரியில் ஒரு கர்டில் பட்டையை, தட்டு சுழலாமல், மெல்லத் தட்டின் மேல் இறக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் கசிந்தால் கல் திரும்பியிருக்கிறது, அதே திருகால் சரிசெய்யுங்கள். இதை விட்டுவிட்டால் மேல் பட்டைகளும் கீழ்ப் பட்டைகளும் ஒன்றுக்கொன்று ஒதுங்கி நிற்கும், கல் பார்க்கக் கோணலாக இருக்கும்.

கிரவுன்

வேலை முறை அதேதான், அதனால் எண்களை மட்டும் தருகிறேன். முதலில் 47 டிகிரியில் அதே பதினாறு எண்கள். கர்டில் சுமார் 0.25 மில்லிமீட்டர் தடிமன் மிஞ்சும்வரை இறங்குங்கள். கத்தி முனையாக்கிவிட்டால் நகையில் பதிக்கும்போது சில்லு போகும். அடுத்து 42 டிகிரியில் எட்டு முதன்மைப் பட்டைகள், பெவிலியனின் அதே எட்டு எண்களில், கர்டில் மூலையைத் தொடும்வரை. பிறகு நட்சத்திரப் பட்டைகள்: 27 டிகிரி, எண்கள் 6, 18, 30, 42, 54, 66, 78, 90. அடுத்தடுத்த இரண்டு முதன்மைப் பட்டைகள் பிரியும் முனையை இவை எட்ட வேண்டும்.

கடைசியில் டேபிள். இதற்கு 45 டிகிரி துணைப்பாகம் ஒன்றைக் கையில் மாட்டி, கோணத்தையும் 45இல் வைத்தால் கல்லின் முகம் தட்டுக்கு இணையாகப் படியும். பக்கத்துப் பக்கத்து நட்சத்திரங்களின் நுனிகள் ஒன்றையொன்று தொடும்வரை இறக்குங்கள். அகலம் கல்லின் பாதியைவிடச் சற்றே கூடுதலாக வந்து நிற்கும். கல்லிலேயே பெரிய பட்டை என்பதால் மெருகுக்கு அதிக நேரம் கேட்பதும் இதுதான். கிரவுன் முழுவதையும் ஒரே மூச்சில் மெருகேற்றாமல், டேபிளை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

கழற்றும்போது குச்சியை மெல்லச் சூடாக்கி, பசை இளகியதும் கல்லை உலர்ந்த துணியில் தள்ளுங்கள். சூட்டோடு தண்ணீரில் போட்டால் விரிசல் விடும். ஒட்டியிருக்கும் எபாக்ஸியை நகத்தால் உரித்துவிடலாம். பழைய குச்சியில் மிச்சமிருக்கும் சூப்பர்குளூ படலம் அசிட்டோனில் ஊறினால் கரையும். அசிட்டோன் பாட்டிலை ஸ்பிரிட் விளக்குள்ள மேசையில் வைக்கவே வைக்காதீர்கள்.

அடுத்த கல்

இரண்டாவதும் மூன்றாவதும் இதே வடிவத்தில் ஸ்படிகமாகவே இருக்கட்டும். அதன்பின் கார்னெட்டுக்குப் போகலாம். செவ்வகப் படிக்கட்டு வடிவம் பார்க்க எளிதாக இருந்தாலும் நீண்ட பட்டைகளில் சிறு பிசகும் கண்ணில் படும், அவசரப்பட வேண்டாம்.

கல்லை மாற்றும்போது கோணங்களை அப்படியே எடுத்துக்கொண்டு போகக் கூடாது. அக்வாமரினின் எல்லைக் கோணம் 39.4, ஸ்பினெல் 35.6, நீலக்கல்லும் மாணிக்கமும் 34.6, அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கும் கியூபிக் சிர்கோனியா 27.6. ஒளிவிலகல் எண் கூடக்கூட இடைவெளி அகலமாகிறது, நீலக்கல்லில் பெவிலியனை 40, 41க்கு இறக்கலாம். ஆனால் ஒரு பட்டையின் கோணத்தை மட்டும் மாற்றினால் முனைகள் சந்திக்காது. பெவிலியனின் எல்லாக் கோணங்களின் டேன்ஜென்ட் மதிப்புகளையும் ஒரே விகிதத்தில் மாற்ற வேண்டும், கிரவுனுக்கு அதேபோல் தனியாக ஒரு விகிதம். நம் வடிவத்தில் 43ஐ 41ஆக்கினால், டேன் 41ஐ டேன் 43ஆல் வகுக்க 0.932 வருகிறது. டேன் 45 என்பது 1, அதை 0.932ஆல் பெருக்கித் திரும்பக் கோணமாக்கினால் 43 டிகிரி. ஆக 45, 43 என்று இருந்தது 43, 41 ஆகிறது, பல் எண்கள் மாறாது. ஜெம்கேட், ஜெம்கட் ஸ்டூடியோ போன்ற மென்பொருள்கள் இதைக் கணத்தில் செய்துவிடும். ஆனாலும் முதல் தடவை கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்.